வெற்றிலைத் தட்டில் என் நாவல்

என் நாவல் விற்க வேண்டும் என்பதற்காக ஒரு குற்றமற்ற பெண்ணின் பெயரைக் கெடுத்தேன். தெரியாமல் நேர்ந்த பிழை என்று சொல்லித் தப்பிக்க மாட்டேன். தெரிந்தே செய்தேன்... தடுத்திருக்கக்கூடிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டும் இருந்தேன்.

இதைப் படிக்கும் நீங்கள் என் பழைய வாசகராக இருக்கலாம். 'கரை சேராத காமாட்சி'யை வாங்கி, கண்ணீர் விட்டு, அண்டை வீட்டுக்கு இரவலும் கொடுத்திருக்கலாம். அப்படியானால் உங்களிடமும் நான் பொய் சொல்லியிருக்கிறேன்.

மெர்டேக்காவுக்கு, அதாவது மலாயா விடுதலை பெற்றதற்கு, முந்தைய ஆண்டு அது. மலாக்காவில் ஒரு ரப்பர் வியாபாரியின் கடையில் நான் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. அதே ஊரின் காஜா பேராங் பகுதியில் ஒரு வீட்டின் முன்னறை வாடகைக்குக் கிடைத்திருந்தது. பகலெல்லாம் ரப்பர்ப் பாளங்களின் நாற்றம், மாலையானால் இலக்கியம்! எந்தப் பதிப்பாளரும் என் நாவலைச் சீந்தவில்லை. "யாரும் வேண்டாம், நானே போட்டுக்கொள்கிறேன்" என்று வீறாப்பாக அச்சகத்துக்குப் போனேன்.

அச்சடித்த கட்டுகள் வந்து இறங்கியபோதுதான் விழி பிதுங்கியது. கட்டிலுக்கு அடியில் அடுக்கினேன். இடம் போதாமல் கட்டிலின் மேலேயே ஒரு பக்கம் அடுக்கிவிட்டு மறுபக்கம் ஒருக்களித்துப் படுத்தேன்.

என்னென்ன செய்யவில்லை! எங்கள் தெரு மளிகைக்காரர் நானாவின் கடையில் ஊறுகாய்ப் புட்டிகளுக்கு நடுவே என் நாவலை நிறுத்தி வைத்தேன். செங் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களுக்குச் சம்பள நாளில் சைக்கிளில் போய், துணிக்காரருக்குப் பக்கத்தில் கடை விரித்தேன். பெண்கள் அட்டைப்படத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கைலி வாங்கிக்கொண்டு போனார்கள். வேறொரு பெயரில் என் நூலுக்கு நானே மதிப்புரை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினேன். அதையும் அவர்கள் போடவில்லை!

கதை என்ன தெரியுமா? ஜப்பான்காரன் காலம். காமாட்சியின் கணவனைச் சயாமில் ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவள் பலகாரம் விற்றுப் பிழைக்கிறாள். பிறகு ஒரு ஜப்பானிய அதிகாரியோடு பழகி, அரிசிக்காக அக்கம்பக்கத்தாரைக் காட்டிக் கொடுக்கிறாள். எல்லாம் என் கற்பனை. ஒரு வரிகூட நடந்ததில்லை.

ஒருநாள் புத்தகக் கட்டோடு முடிவெட்டும் கடைக்குப் போனேன். கடைக்காரர் கோவிந்தன் என் புத்தகத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"என்னா லா கிராணி, இது நெசமா நடந்ததா, சும்மா கட்டுனதா?"

அந்த நொடியில் உண்மையைச் சொல்லியிருந்தால் இன்று இதை எழுத வேண்டியதே இல்லை.

"நடந்ததுதான்" என்றேன்.

"எங்க லா?"

"இங்கதான். நம்ம காஜா பேராங்குல. அந்தப் பொம்பள இன்னும் இருக்கா."

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்தவர் சடாரென்று திரும்பினார். "யாரு? யாரு லா அது?"

"பேரைச் சொல்றது எழுத்தாளனுக்கு அழகில்லைங்க."

அங்கேயே எல்லாரும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். நுரை முகத்துக்காரர் துண்டைக்கூட எடுக்காமல் சட்டைப்பையில் கையை விட்டார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? வீடு திரும்பும் வழியெல்லாம் பாடிக்கொண்டே வந்தேன்.

பிறகு என்னைப் பிடிக்க முடியுமா! 'உண்மைச் சம்பவம்! நம் காஜா பேராங்கில் நடந்தது! யார் அந்தப் பெண்?' என்று சிவப்பு மையில் அச்சடித்து ஒவ்வோர் அட்டையிலும் ஒட்டினேன். சினிமாப் படத்துக்குச் செய்வதுபோல் பெச்சா என்னும் மூன்று சக்கர மிதிவண்டி ஒன்றில் தட்டி கட்டி, ஒலிபெருக்கி வைத்து, கோயில் திருவிழாக் கூட்டத்துக்குள் ஓட்டிவிட்டேன். கேட்டவர்களுக்கெல்லாம் அதே பதில்: பெயரைச் சொல்வது எழுத்தாளனுக்கு அழகில்லை. கட்டிலில் மறுபடியும் மல்லாந்து படுக்க முடிந்தது.

ஊர் அந்தப் பெண்ணைத் தேடத் தொடங்கியது. கண்டுபிடித்தும்விட்டது!

மாக் லெச்சுமி என் தெருவுக்கு அடுத்த தெரு. மலாக்காச் செட்டிப் பெண், பல தலைமுறைக்கு முன் அங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழி. நெற்றியில் திருநீறு, உடுப்பு சாரோங் கெபாயா, வாயில் மலாய். அந்தச் சமூகத்தில் பெரும்பாலோரைப் போல அவளுக்கும் தமிழில் சில சொற்கள்தான் தெரியும். எழுத்து அறவே தெரியாது. அவள் கணவரைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. ஜப்பான்காரன் காலத்தில் கிளேபாங்கிலிருந்த ஜப்பானியச் சிப்பாய்களின் முகாம்வரை கூடையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பலகாரம் விற்றிருக்கிறாள். தேவி என்று ஒரே மகள்.

எனக்கு அந்தக் கிளேபாங் விவரம் அப்போது தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால்... காமாட்சியின் தலையில் நான் ஏற்றி வைத்த கூடை எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு காலையும் வாழை இலையில் மடித்த புளுட் என்னும் ஒட்டரிசிப் பலகாரத்தை நான் வாங்கித் தின்றது மாக் லெச்சுமியின் கூடையிலிருந்துதானே? எல்லாம் கற்பனை என்று சற்று முன் உங்களிடம் சொன்னேன். அந்தக் கூடையை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

இளவட்டங்கள் அவளைப் பார்த்து "காமாட்சி!" என்று கூவின. கூடை பாதி விற்காமல் வீடு திரும்பியது. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. நீ ஒரு புத்தகத்தில் இருக்கிறாய் என்று மட்டும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு மாலை என் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் என் நாவல். நானா கடையில் காசு கொடுத்து வாங்கியிருந்தாள்.

"தம்பி, தோலோங் பாச்சா" என்றாள். கொஞ்சம் வாசித்துக் காட்டு என்கிறாள். "அடா நாமா சாயா?" அவள் பெயர் இதில் இருக்கிறதா என்று கேட்கிறாள்.

நான் எழுதியதை அவள் முகத்துக்கு நேரே எப்படி வாசிப்பேன்? அதற்கும் எனக்குத் துணிச்சல் இல்லை. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாத ஒரு கதையை மலாயில் சொன்னேன். ஒரு நல்ல பெண். கணவனைச் சயாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பசித்தவர்களுக்குத் தன் பலகாரத்தைப் பகிர்ந்து கொடுத்தாள். தெய்வம் போன்றவள் என்று ஊரே கையெடுத்துக் கும்பிட்டது... நடுநடுவே ஏடுகளைப் புரட்டவும் நான் மறக்கவில்லை!

கடைசியில் கணவன் திரும்பி வருகிறானா என்று கேட்டாள்.

வருகிறான் என்றேன்.

அவள் அழுதாள். தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறகு எழுந்து, புத்தகத்தைக் கண்களில் ஒற்றிக்கொண்டு போனாள். ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக நான் நினைத்தேன்! அந்த மடமையை என்னவென்று சொல்வது?

மறுநாளிலிருந்து அவள் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லத் தொடங்கினாள், அந்தப் புத்தகத்தில் இருப்பது தானேதான் என்று. சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த ஊருக்கு அவள் வாயாலேயே உறுதி கிடைத்தது. அந்த மாதம் விற்ற அளவுக்கு என் நாவல் அதற்கு முன் விற்றதில்லை.

தேவிக்கு உஜோங் பாசிரில் மாப்பிள்ளை பார்த்திருந்தார்கள். தமிழ் பேசும் குடும்பம். பையன் தேவியை விரும்பிக் கேட்டவன். நிச்சயத்துக்கு மாக் லெச்சுமி என்னையும் அழைத்தாள். தன்னைப் பற்றி நல்லதாக எழுதியவன் என்று முன்வரிசையில் உட்கார வைத்தாள்.

இரு வீட்டாரும் தட்டு மாற்றிக்கொள்ளும் நேரம். பெண் வீட்டுத் தட்டுகள் வந்தன. பழம், பலகாரம், பூ... வெற்றிலைத் தட்டைப் பார்த்தேன். வெற்றிலையின் மேல், மல்லிகைச் சரம் சுற்றி, என் நாவல்!

சம்பந்தி வீட்டார் படித்தவர்கள்; தன் பெருமையைத் தமிழில் அவர்களே படித்துக்கொள்ளட்டும் என்று வைத்திருக்கிறாள். எட்டினால் கைக்குக் கிடைக்கும் தூரம். எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருக்கலாம். நான் எடுக்கவில்லை.

மாப்பிள்ளையின் பெரியப்பா எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிவப்பு மைத் துண்டைப் படித்தார். உள்ளே புரட்டினார். படிக்கப் படிக்க அவர் முகம் இறுகியது.

"இத எழுதுனது நீங்கதானே கிராணி?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "நாலு பேருக்கு முன்னால கேக்குறேன். மூடி மறைக்காம சொல்லுங்க. இது இந்த அம்மா கதைதானா?"

அவர் கை காட்டியது மட்டும் மாக் லெச்சுமிக்கு விளங்கியது. நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, முகமெல்லாம் மலர, "சாயா! இத்து சாயா!" என்றாள். நான்தான், அது நான்தான்!

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தில் கோவிந்தன் இருந்தார். நானா இருந்தார். உண்மைச் சம்பவம் என்று நம்பி வாங்கிய பாதித் தெரு அங்கே இருந்தது. அச்சகத்தில் இரண்டாம் பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது. 'இது பொய்க் கதை, நான் பொய்யன்' என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஐந்தே ஐந்து சொல்... ஏன் வரவில்லை? நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பீர்கள். சொல்லியிருப்பீர்கள் என்றே நம்புகிறேன்.

நான் சொன்னது இது:

"பேரைச் சொல்றது எழுத்தாளனுக்கு அழகில்லைங்க."

பெரியப்பா புத்தகத்தை மூடி, மல்லிகைச் சரத்தோடு அதே தட்டில் வைத்தார். அவர்கள் எழுந்தார்கள். பையன் மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு அவனும் எழுந்தான். என்ன நடந்தது, என்ன குறை என்று மாக் லெச்சுமி மலாயில் ஒவ்வொருவரையும் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மெர்டேக்கா வந்தது. தெருவெல்லாம் கொடியும் கூச்சலுமாக இருந்த அந்த நாள்களில் என் இரண்டாம் பதிப்பும் தீர்ந்தது. சிவப்புத் துண்டு இப்போது அட்டையிலேயே அச்சாகியிருந்தது. அதையும் நான்தான் செய்தேன்.

தேவிக்கு வேறு வரன் வரவில்லை.

வெகுநாள் கழித்து ஒரு மாலை, மனம் தாளாமல் அவர்கள் வீட்டுக்குப் போனேன். காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். வேலிப்படலில் தேவி நின்றாள். என்னை உள்ளே விடவில்லை. அவள் பேசியது மலாய், தமிழில் சொல்கிறேன்.

"அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவர் வாசித்துச் சொல்லிவிட்டுத்தான் போனார்."

அவர் என்றது அந்தப் பையனை.

"தேவி, நான் அம்மாவிடம் உண்மையை..."

"வேண்டாம். என் கல்யாணம் நின்றதற்குச் சம்பந்திகள்தான் கெட்டவர்கள் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் புத்தகத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். அதில் என் அப்பா திரும்பி வருகிறார். சொல்லி உங்கள் பாரத்தை இறக்கிக்கொள்ள வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது போய்ச் சொல்லுங்கள்."

படலைச் சாத்திவிட்டாள்.

அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். நீங்கள் மன்னிப்பீர்கள் என்று வரவில்லை. மன்னிக்க நீங்கள் யார்? நான் கெடுத்தது உங்கள் பெயரையா?

மாக் லெச்சுமி இன்னும் இருக்கிறாள். ஒவ்வொரு திருவிழாவுக்கும் வாழை இலையில் மடித்த புளுட் என் வீட்டுக்கு வருகிறது. தேவிதான் கொண்டு வருகிறாள். வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். தூக்கி எறியவும் எனக்கு மனம் வரவில்லை. தின்கிறேன்.

இந்த வாக்குமூலமும் நாளை அச்சாகும். அதே நானா கடையில், அதே ஊறுகாய்ப் புட்டிகளுக்கு நடுவே நிற்கும். மாக் லெச்சுமி இதையும் காசு கொடுத்து வாங்கக்கூடும்... ஆனால் இது தமிழில் இருக்கிறது. அவளால் வாசிக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதினேன்.