ஜும்மாவுக்குள் முடியாத வீடியோ

மஸ்கெலியா பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஒரு கொமினிகேஷன் கடையில் நான் ஒரு வருடம் வேலை செய்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதற்கு மேல் கணினியில் டிப்ளோமாவும் இருந்தது. கடைக்கு வருகிறவர்கள் கேட்காமலேயே இதைத் தெரிந்துகொள்ளும்படி பார்த்துக்கொண்டேன்.

கடையில் இருந்தது ஒரே கணினி. விண்ணப்பம் நிரப்புவது, ஸ்கேன், பிரின்ட், சடங்கு வீடியோ எல்லாம் அதில்தான். கடை முதலாளியை, முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல், நானா என்று கூப்பிடுவேன். அவர் வீடியோவை வெட்டி ஒட்டி, கடைசியில் ஒரே படமாக்கும் பொத்தானைத் தட்டினால் மற்ற வேலையெல்லாம் நின்றுவிடும். மவுஸைத் தள்ளினாலும் அம்பு அசையாது. அதனால் தொழுகை நேரம் பார்த்துத்தான் தட்டுவார். கதவைப் பாதி சாத்திவிட்டுப் பள்ளிவாசலுக்குப் போய்வந்தால் படம் ரெடி. சின்னப் படம் என்றால் நண்பகல் தொழுகைக்குள் முடியும் லுஹர் வீடியோ, பெரிய படம் என்றால் வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகைக்குள் முடியும் ஜும்மா வீடியோ. அவர் நிமிடக் கணக்குப் பார்த்து நான் கண்டதில்லை.

இது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு வியாழக்கிழமை அவர் ஹட்டனுக்குப் போயிருந்தபோது வீடியோ மென்பொருளுக்கு ஒரு கட்டுப்பாடு போட்டேன். அந்தக் கணினிக்குள் கணக்குப் பார்க்கும் பகுதிகள் நான்கு உண்டு. வீடியோ அதில் ஒன்றை மட்டும்தான் தொடலாம், மற்ற மூன்றும் கடைக்கு வருகிறவர்களுக்கு என்று பிரித்துவிட்டேன். மறுநாள் வீடியோ ஓடும்போதே ஒரு கடிதம் தட்டிக் காட்டினேன். நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். "டிப்ளோமா சும்மா இல்ல, என்ன?" என்று சொல்லிவிட்டு ஜும்மாவுக்குக் கிளம்பினார். நான் அன்று சாப்பிடாமலேயே வயிறு நிறைந்து உட்கார்ந்திருந்தேன்.

அவர் திரும்பி வந்தபோது கூடவே ஒரு அக்கா வந்தார். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அன்று குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறார்; கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வேன் இரண்டரைக்கு. மகள் பெரியவளானதற்குப் போன ஞாயிறு நடந்த சாமத்தியச் சடங்கு வீடியோவை போனில் ஏற்றிக்கொண்டு போகவேண்டும். ஜும்மா முடிந்ததும் வாருங்கள் என்று நானா வாக்குக் கொடுத்திருந்தார்.

ஓடிக்கொண்டிருந்தது அந்த வீடியோதான். திரையில் இருபத்துநான்கு சதவீதம் என்று இருந்தது.

"என்ன புள்ள, ஜும்மா முடிஞ்சிட்டு, இது முடியல்லியே?" என்றார் நானா.

கடைசிப் பக்கம் போனால் வேகம் பிடிக்கும் என்றேன். பொய். எனக்குத் தெரியும். நான்கு மடங்கு நேரம் எடுக்கும் என்று அவரிடம் சொல்ல நான் மறந்திருந்தேன். நேற்றுப் போட்ட கட்டுப்பாட்டை இன்று இரண்டு பேருக்கு முன்னால் என் கையாலேயே எடுக்க மனமும் வரவில்லை.

அக்கா பையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். படம் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைக் கோட்டையே அரைமணி நேரத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தேழு வந்தது. இது ஏன் இப்படி நொண்டுகிறது என்று கேட்டார். எனக்குப் பாடம் நடத்தப் பிடிக்கும். நான்கு பகுதிகளையும், ஒன்றை மட்டும் வீடியோவுக்கு ஒதுக்கியதையும் விளக்கினேன். மற்ற மூன்றும் இப்போது என்ன செய்கின்றன என்றார். ஆட்கள் வந்தால் அவர்களுக்கு என்றேன். அவர் கடையைச் சுற்றிப் பார்த்தார். எங்கள் மூவரைத் தவிர யாருமில்லை.

"அப்ப மூணு பேரச் சும்மா ஒக்கார வச்சிட்டு, ஒத்தக் கையால ஒரு மலையே பறிக்கச் சொல்றீங்களா? நல்லவேள தங்கச்சி, நீங்க எங்க தோட்டத்துக்கு வேல வாங்குற கண்டாக்கா வரல."

நானா சிரிப்பை அடக்கத் தொப்பியைச் சரிசெய்தார். எனக்குக் காது சுட்டது. நான்கையும் திறந்துவிட்டேன். ஆனால் வரிசையில் வீடியோவைக் கடைசியில் நிறுத்தினேன். யாருமில்லாதபோது நான்கையும் எடுத்துக்கொள்ளலாம், வேறு வேலை வந்தால் விலகிக்கொள்ளவேண்டும். நேற்றே செய்திருக்கவேண்டியது இதுதான். டிப்ளோமாவிலும் இது இருந்தது.

கோடு ஓடத் தொடங்கியது. நடுவில் ஒரு பெண் அடையாள அட்டையை ஸ்கேன் செய்ய வந்தாள். அதுவும் சிக்காமல் முடிந்தது. நானா அக்காவுக்குத் தேத்தண்ணி வரவழைத்தார். எனக்கு, சொன்னபடியே வேகம் பிடித்துவிட்டதே என்று ஒரு வாழ்த்துச் சொன்னார். நான் நிமிரவில்லை.

இரண்டு இருபத்துமூன்றுக்குப் படம் முடிந்தது. போனில் ஏற்றும்போதே வெளியே வேன் ஹோர்ன் அடித்தது. நானா வாசலுக்குப் போய், ரெண்டு நிமிஷம் என்று சாரதியிடம் சிங்களத்தில் சொல்லிக்கொண்டு நின்றார்.

கேபிளைக் கழற்றிக் கொடுத்தேன். ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள், பிழை இருந்தால் இப்போதே பார்க்கலாம் என்றேன். நாதஸ்வரம் கேட்டது. சிவப்புச் சேலையில், தலை நிறையப் பூவோடு மகள் குனிந்துகொண்டு வந்தாள். முகத்தை நிமிர்த்தும் நேரத்தில் அக்கா விரலால் தொட்டு நிறுத்திவிட்டார். ஏதாவது பிழையா என்று பதறிக் கேட்டேன்.

"இல்ல, நல்லாருக்கு. ரெண்டு வருசம் இருக்கு தங்கச்சி. அங்க போயி கொஞ்சங் கொஞ்சமாப் பாத்துக்கிறேன்."

போனைத் தாவணித் துண்டில் சுற்றிப் பைக்குள் அடியில் வைத்தார். வேன் புறப்பட்டு வளைவில் மறையும் வரை நானும் நானாவும் வாசலில் நின்றோம். உள்ளே வந்ததும் நானா அடுத்த வீடியோவை எடுத்து வைத்தார். "இது எத்தன மணிக்கு முடியும், புள்ள?" என்று கேட்டார். இந்த முறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.