அங்கஸின் தகப்பன் பெயர்

ஸ்ரீஸ்கந்தராசா மருமகனை விசாரிக்கப் போய் இருநூற்றைம்பது வருடம் பின்னுக்குப் போனவர். கொழும்பு வெள்ளவத்தையில் பிள்ளைக்குக் கலியாணம் பேசுகிறவர்கள் எல்லோரும் விசாரிக்கத்தான் செய்வார்கள். எந்த ஊர், ஆருடைய பிள்ளை, தாய்வழி எங்கே என்று கேட்பார்கள். சாதி என்ற சொல்லை ஒருவரும் வாயில் எடுப்பதில்லை. எடுக்காமலே கேட்டு முடித்துவிடுவார்கள். ஆனால் மாப்பிள்ளை அமெரிக்கன் என்றால் யாரைக் கேட்பது? வெள்ளவத்தை, பாமன்கடைப் பக்கம் வட கரோலைனாக்காரர் எவரும் இல்லை.

எங்கள் மாடிக்கட்டடத்தில் அவர் மூன்றாம் தளம், நான் இரண்டாம் தளம். கொட்டாஞ்சேனைத் தபாற்கந்தோரில் முப்பத்தொரு வருடம் விலாசம் பார்த்துக் கடிதம் பிரித்தவர். டாக்டர்மார் கிறுக்கிய விலாசத்தையும் வாசித்துவிடுவார். ஒரே மகள் சுபோதினிக்கு வட கரோலைனாவில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. கிரெய்க் டங்கன் என்பவனைக் கட்டப்போவதாக அவள் தொலைபேசியில் சொன்னபோது இவர் சத்தம் போடவில்லை. "வேர் தெரியாத இடத்தில பிள்ளை குடுக்கேலாது" என்று மட்டும் சொன்னார். அவளும் சத்தம் போடவில்லை.

"அப்பா, ஒக்டோபர் பத்தாந் திகதி கலியாண எழுத்து. நீங்கள் ஓமெண்டால் வாங்கோ. இல்லாட்டி ரெண்டு சாட்சியோட முடிச்சிடுவன்."

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாரும் விசாரிக்கத் தேவையில்லை. இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டவர் தாய் ஜீவராணிதான். எட்டு மாதம் அந்த மனுசி மகளோடு ஒரு குரலிலும் புருசனோடு வேறொரு குரலிலும் கதைத்துக்கொண்டிருந்தார். பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஏழாவது மாதம் சுபோதினி, "வேர் வேணுமெண்டால் நீங்களே தேடுங்கோ" என்று கோபத்தில் ஒரு வட்ஸ்அப் அனுப்பினாள். டங்கன் குடும்பத்தின் மூதாதை அங்கஸ், ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர். 1787இல் எழுதிய காணி உறுதி ஒன்றில் முதன்முதலாக அவர் பெயர் வருகிறது. அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. அந்தக் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தேடியும் கிடைக்கவில்லை. இங்கிலாந்துக்காரன் அமெரிக்காவை ஆண்ட காலத்து நீதிமன்றப் புத்தகங்களைப் படம் பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். அவள் மூதாதையர் பெயர்ப் பட்டியலையும் அந்த இணைப்புகளையும் சேர்த்தே அனுப்பியிருந்தாள்.

இவர் அதை ஓர் உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டார். காலையில் பிளேன்ரீ குடித்ததும் கொம்பியூட்டருக்கு முன்னால் குந்திவிடுவார். அவர் வீட்டு இணைப்பு இழுபட்டதால் எங்கள் வைஃபைக் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டார். அதனால் தேடல் எந்த மட்டில் நிற்கிறது என்பது எனக்கும் தெரிந்துகொண்டே இருந்தது.

மகள் அனுப்பிய பட்டியலில் 'டங்கன், அங்கஸ்' என்று இருந்தது. இவர் அந்தக் காற்புள்ளியை விட்டுவிட்டுக் கொப்பியில் 'டங்கன் அங்கஸ்' என்று எழுதியிருந்தார். நமக்குத் தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். தம்பிமுத்து ஸ்ரீஸ்கந்தராசா, ஸ்ரீஸ்கந்தராசா சுபோதினி. அந்தக் கணக்கில் டங்கனின் மகன் அங்கஸ்.

"அண்ணை, டங்கன் எண்டது குடும்பப் பெயர். தகப்பன்ர பேரில்லை" என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"தம்பி, நான் முப்பத்தொரு வருசம் பேர் வாசிச்சனான்."

அதற்கு மேல் கதைத்துப் பிரயோசனமில்லை. டங்கன் குடும்பம் எல்லாப் புத்தகங்களிலும் 'டி' எழுத்தின் கீழ் தேடியது. இவர் தன் பிழையான வழியில் 'ஏ' எழுத்தின் கீழ் தேடினார். ஐந்தாவது கிழமை, 1771ஆம் வருடத்து நீதிமன்றக் குறிப்பு ஒன்று அகப்பட்டது. அவர் கூப்பிட்டார், நான் மேலே போனேன். விரலை வைத்து வரிவரியாகத் தமிழில் சொன்னார்.

"கப்பலில் இறந்த மலைநாட்டான் டங்கனின் மகன் அங்கஸ். வயது ஏழளவில். ஆங்கிலம் பேசான். இந்நாட்டில் இவனுக்கு உறவென்று எவருமில்லை. இருபத்தொரு வயது வரை, தோல் பதனிடும் ஜேக்கப் ஹில்லிடம் ஒப்படைக்கப்படுகிறான்."

1787 உறுதியில் சாட்சிக் கையெழுத்து வைத்தவனும் அதே ஜேக்கப் ஹில்தான். ஆகவே ஆள் இவனேதான். பிறகு நான் இணையத்தில் வாசித்தபோது விஷயம் விளங்கியது. ஸ்கொட்லாந்து மலைநாட்டில் அந்தக் காலத்தில் பலர் தகப்பன் பெயரைத்தான் சேர்த்துச் சொல்வார்களாம். அமெரிக்கக் கிளாக்கர் ஒருவர் தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராக எழுதிவிட, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. கனடாவுக்குப் போன நம் ஆட்களுக்கும் இதுதானே நடந்தது. அண்ணை பிழையாக வாசித்தது சரியாகப் போய்விட்டது.

ஆனால் என் கண் நின்றது வேறோர் இடத்தில். தோல். விசாரிக்கிறவர்களுக்கு இந்த ஒரு சொல் போதும். மறுப்பதற்கு அண்ணைக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது; அது இப்போது கையில், எழுத்தில் இருந்தது. தகப்பனைக் கடலில் போட்டுவிட்டு வந்த ஏழு வயதுப் பிள்ளையின் கதையைக் கேட்டு, அவன் எந்தத் தொழிலுக்குப் போனான் என்று பார்த்ததை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் ஒரு பிரதி அச்சடித்துத் தரச் சொன்னார். அதை மேசையில் வைத்து இரண்டு நாள் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

மூன்றாம் நாள் ஜீவராணியைக் கூட்டிக்கொண்டு காலி வீதியில் உள்ள கொமியூனிகேஷன் கடைக்குப் போனார். அந்தத் தாளை மகளுக்கு அனுப்பி எல்லாவற்றையும் முறிக்கப் போகிறார் என்றுதான் ஜீவராணி நினைத்தார். அங்கே விண்ணப்பம் நிரப்பித் தரும் லவினாவிடம் இவர் இரண்டு கடவுச்சீட்டுகளை நீட்டி, அமெரிக்க விசா என்றார். கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. அங்கே உறவினர் யாராவது இருக்கிறார்களா என்று லவினா கேட்டாள்.

"ரெண்டு பேர். மகள் சுபோதினி. மருமகன் கிரெய்க் டங்கன்."

"அங்கிள், மெரேஜ் முடிஞ்சுதா?"

"இல்லை. ஒக்டோபரில."

"அப்ப மருமகன் எண்டு போட ஏலாதே."

"என்ர பிள்ளைக்கு அந்த நாட்டில உறவெண்டு எவருமில்லை எண்டு ஆரும் எழுதக் கூடாது, பிள்ளை. நான் சம்மதிச்சிட்டன். போடுங்கோ."

லவினா போடவில்லை, விசாக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினாள். எட்டு மாதமாகச் சம்மதம் என்ற அந்த ஒரு சொல்லுக்குக் காத்திருந்த ஜீவராணி, கடைக் கதிரையில் குந்திச் சத்தமாக அழத் தொடங்கினார். அந்தச் சம்மதம் மகளுக்கு முதல் லவினாவுக்குத்தான் தெரிந்தது.