கடைசி சீட்டில் இருந்தவள்

பெங்களூரில், ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளியைத் தாண்டி, கார்மென்ட்ஸ் ஃபேக்டரிகள் முடிகிற இடத்தில் ஒரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. அங்கே டெலிபோன் எடுப்பது என் வேலை. நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன். 'வீட்டுச் சாப்பாடு கொண்டு வரலாமா', 'தண்ணிச் சறுக்கு இன்னைக்கு உண்டா' என்று மூன்று மொழிகளில் கேட்பார்கள், நானும் மூன்று மொழிகளில் பதில் சொல்வேன். தமிழும் கன்னடமும் எழுதத் தெரிந்தவள் ஆபீஸில் நான் ஒருத்திதான் என்பதால் துண்டுப் பிரசுரம் எழுதும் வேலையும் என் தலையில் விழுந்தது. அதில் ஆரம்பித்ததுதான் எல்லாம்.

அந்த வருடம் புதிதாக ஒரு மார்க்கெட்டிங் மேனேஜர் வந்தார். பம்பாய்க்காரர், இரண்டு வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டு வந்தவர். ஆயுத பூஜை முடிந்த மறுநாள் எங்கள் எல்லோரையும் கேன்டீனில் கூட்டி, மாதக் கடைசியில் ஹாலோவீன் கொண்டாடப் போகிறோம் என்றார். ஊரில் ஐ.டி. கம்பெனிகள் தெருவுக்கு ஒன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம். அந்தக் கம்பெனி ஆட்களுக்கு ஹாலோவீன் தெரியுமாம், அவர்களுக்காக முதலில் செய்கிறவன் ஜெயிப்பானாம்.

"ஹாலோவீன்னா என்ன சார்?" என்று கேன்டீன் அக்கா கேட்டார். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். அவர் கேட்டதை நான் இங்கிலீஷில் சொன்னேன். இறந்தவர்கள் திரும்பி வரும் நாள் என்று பதில் வந்தது.

"அது போன மாசம் அமாவாசையோட முடிஞ்சு போச்சேம்மா. எள்ளும் தண்ணியும் எறைச்சு அனுப்பியாச்சு. இன்னொருக்கா எதுக்குக் கூப்பிடறாரு?" என்றார் அக்கா. இதை நான் மொழிபெயர்க்கவில்லை.

அலங்காரத்துக்குப் பூசணிக்காய் வேண்டும் என்றார் மேனேஜர், நூறு காய். ஆள் போய் மார்க்கெட்டிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். வந்ததெல்லாம் வெள்ளைப் பூசணி. ஆயுத பூஜைக்கு ஊரே வாங்கி உடைத்து மிஞ்சியவை. மேனேஜர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் நினைத்தது சாம்பாருக்குப் போடும் மஞ்சள் பூசணியை. பிறகு தானே எழுந்து, ஆரஞ்சு பெயின்ட் அடிக்கச் சொன்னார். அடித்தோம். கேன்டீன் கத்தியால் கண், மூக்கு, பல் எல்லாம் வெட்டினோம். வெட்டிய இடத்திலெல்லாம் தண்ணீர் வடிந்து பெயின்ட் கரைந்தது. ஆரஞ்சுக் கண்ணீர் விடும் நூறு முகங்களை வாசலிலிருந்து வரிசையாகக் கட்டித் தொங்கவிட்டோம். பிளாஸ்டிக் எலும்புக்கூடுகள் பதினைந்து, பஞ்சில் செய்த ஒட்டடை, கறுப்புத் துணி.

ஜனங்கள் வந்து பார்த்தார்கள். ஒருவராவது பயப்பட வேண்டுமே! புது வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் வாசலில் தொங்கவிடுவது அதுதானே. ஒரு பெரியவர் என்னிடமே வந்து, "திருஷ்டிக்கு நல்லா கட்டியிருக்கீங்கம்மா, மிஷின் ஓடற எடத்துக்கு இது அவசியம்" என்று பாராட்டிவிட்டுப் போனார். மேனேஜரிடம் இதைச் சொன்னேன். அவர் முகம் அந்தப் பூசணிகளில் ஒன்றைப் போலவே ஆகிவிட்டது.

அலங்காரம் கைவிட்டதால் அவர் ரோலர் கோஸ்டர் பக்கம் திரும்பினார்.

எங்கள் ரோலர் கோஸ்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்காக வாங்கியது. நான்கு பெட்டி, பதினாறு சீட்டு. முன்னால் பச்சை நிறத்தில் ஒரு கம்பளிப்பூச்சி முகம், வாய் நிறையச் சிரிப்பு. சங்கிலியில் கடகடவென்று ஏறி, ஒரு இறக்கம் இறங்கி, இரண்டு திருப்பம் திரும்பி வந்து நின்றுவிடும். பெயர் ஜாலி ட்ரெயின். மேனேஜர் அதை டெத் எக்ஸ்பிரஸ் ஆக்கினார். சிரிக்கும் முகத்தைக் கழற்ற முடியாது என்று மெக்கானிக் சொல்லிவிட்டதால் சிரிப்புக்குள் இரண்டு கோரைப்பல் வரைந்தார்கள். பார்த்தால், வெற்றிலை போட்டுச் சிரிக்கிற மாமா மாதிரி இருந்தது. பக்கத்தில் ஆம்புலன்ஸ் நிற்க வேண்டும் என்று கேன்டீன் காய்கறி வேனில் சிவப்புச் சிலுவை ஒட்டினார்கள். காலையில் அது கத்தரிக்காய் இறக்கிவிட்டு, பத்து மணிக்கு ஆம்புலன்ஸாக வந்து நிற்கும். கிட்டப் போனால் கொத்தமல்லி வாசம்.

பிரசுரத்துக்கு மேனேஜர் இங்கிலீஷில் வாசகம் சொன்னார். ஆசியாவிலேயே மிகப் பயங்கரமான ரயில் என்று தொடங்கியது.

"எப்படி சார் தெரியும்?" என்று கேட்டேன்.

"இல்லை என்று யார் நிரூபிப்பார்கள்?" என்றார்.

அடுத்து ஒரு கதை சொன்னார். சில வருடங்களுக்கு முன் இந்த ரயிலில் ஏறிய ஒரு பெண் திரும்பி இறங்கவே இல்லை, கடைசி சீட்டில் இன்றும் அவள் இருக்கிறாள். நான் அதைத் தமிழிலும் கன்னடத்திலும் எழுதினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரசித்து எழுதினேன். 'கூந்தல் காற்றில் அலைய' என்ற மூன்று சொற்கள் அவர் சொல்லாதவை, நானாகச் சேர்த்தவை.

பிரசுரம் அச்சாகி வந்த அன்று ரோலர் கோஸ்டர் ஓட்டுகிறவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். ஆனேக்கல்காரர், நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசாதவர்.

"என் வண்டில யாரு செத்தது, ஹேளி மேடம், சொல்லுங்க."

"யாரும் இல்ல சார். அது சும்மா விளம்பரத்துக்கு..."

"எட்டு வருஷம் ஓட்டறேன். ஒரு கொழந்தைக்கு நகம் பேந்ததில்ல. தெனம் காலைல ஒவ்வொரு போல்ட்டா தட்டிப் பார்த்துட்டுதான் சாவி போடறேன். நீங்க ஒரே பேப்பர்ல ஒரு பொம்பளைய சாவடிச்சிட்டீங்க. பரீ சுள்ளு இது."

பரீ சுள்ளு என்றால் கன்னடத்தில் வெறும் பொய். கத்தாமல் சொன்னார். அதனால்தான் அதிகம் உறைத்தது. மேனேஜர் சொன்னதைத்தான் எழுதினேன் என்று வாய்க்குள் ஏதோ முனகினேன். பிரசுரத்தை மேஜையில் வைத்து, அதன்மேல் என் பேப்பர்வெயிட்டையும் எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சனிக்கிழமை நல்ல கூட்டம். காலை பதினொரு மணிக்கு வாக்கி டாக்கியில் என்னைக் கூப்பிட்டார்கள், ரோலர் கோஸ்டரில் தகராறு என்று. ஓடினேன். கதை நன்றாகவே வேலை செய்திருந்தது. முன் மூன்று பெட்டிகளுக்கும் அடித்துக்கொள்கிறார்கள், கடைசிப் பெட்டி காலி, ஒருவரும் உட்காரத் தயாராயில்லை. ஆபரேட்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"பின்னாடி வெயிட் இல்லன்னா திருப்பத்துல வண்டி ஒதறும். நான் ஓட்டமாட்டேன்."

"அப்ப என்ன சார் பண்றது?"

"எழுதினது நீங்கதானே? நீங்களே குத்துக்கோங்க."

குத்துக்கோங்க என்றால் உட்காருங்கள் என்று கன்னடத்தில் அர்த்தம். அந்த நேரத்தில் எனக்குத் தமிழ் அர்த்தமே பொருத்தமாகப் பட்டது.

அந்தப் பூங்காவில் இரண்டு வருடம் வேலை பார்த்தும் நான் ஒரு ராட்டினத்தில்கூட ஏறியதில்லை. பஸ் மேம்பாலம் இறங்கினாலே கண்ணை மூடிக்கொள்வேன். ஆனால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போய்க் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். என்னோடு வெயிட்டுக்கு இரண்டு மணல் மூட்டைகளை அதே பெட்டியின் முன் சீட்டுகளின் காலடியில் வைத்தார்கள். கம்பி விழுந்து மடியை அழுத்தியது.

முதல் ரவுண்டில் நான் கத்தியது ஆபீஸ் வரை கேட்டதாம். இறக்கத்தில் என் கிளிப் தெறித்து எங்கோ போய், கூந்தல் முழுவதும் அவிழ்ந்து முகத்தில் அடித்தது. வந்து நின்றதும் எல்லோரும் இறங்கினார்கள். எழுந்திருக்க முயன்று முடியாமல் அப்படியே இருந்தேன். அதற்குள் அடுத்த பன்னிரண்டு பேர் ஏறிவிட்டார்கள். இரண்டாவது ரவுண்டு. மூன்றாவது. நான்காவதிலிருந்து கத்த ஜீவன் இல்லை. நேராக முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று நான் போட்டிருந்தது வெளுத்த வெள்ளைச் சுடிதார். முகத்தில் இருந்தது பவுடரா, பயமா என்று எனக்கே சொல்ல முடியாது.

வரிசை அந்தக் கடைசித் திருப்பத்தை ஒட்டி வளைந்து நின்றது. ஒவ்வொரு முறை வண்டி திரும்பும்போதும் புதுப்புது முகங்கள் போக, கடைசியில் மட்டும் அதே பெண். தலைவிரி கோலம், வெள்ளை உடை, கண் சிமிட்டாத பார்வை. பார்க்கிறவர்கள் கையில் பிரசுரம் வேறு.

ஏழாவது ரவுண்டில் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஏய், அவ எறங்கவே இல்ல பாரு."

எட்டாவதில் யாரோ கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

ஒன்பதாவதில் வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. பயந்து ஓடினவர்கள் போய் ஆள் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

பத்தாவது ரவுண்டுக்கு முன்னால் ஒரு அம்மா நேராக என் பக்கத்துச் சீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், ஃபேக்டரித் தோழிகளோடு பொம்மனஹள்ளியிலிருந்து வந்தவர். தோழிகள் "வேணாம்டி, வேணாம்டி" என்று முன்பெட்டியிலிருந்து அலறினார்கள். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கையில் நறுக்கென்று கிள்ளினார்.

"ஆ!" என்றேன்.

"நீ பேயா?"

"இல்லக்கா. ஆபீஸ்ல டெலிபோன் எடுக்கிறவ."

"அப்ப ஏன் எறங்கல?"

"காலு வரலக்கா."

"சரி, அப்ப என் கையப் புடிச்சுக்க. எனக்கும் பயமாதான் இருக்கு. அங்க மொறைக்காத, என்னப் பாரு" என்றார். தையல் மிஷினில் காய்ப்பேறிய விரல்கள். இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இறக்கத்தில் அவர் கத்திய கெட்ட வார்த்தையை இங்கே எழுத முடியாது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். திருப்பத்தில் இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போனோம். வண்டி நின்றதும் அவர் என்னைத் தோளில் தாங்கி இறக்கிவிட்டார். இறக்கிவிட்டதோடு நிற்காமல் வரிசையைப் பார்த்து, "பேயெல்லாம் ஒண்ணும் இல்ல, டெலிபோன் பொண்ணு! கை மட்டும் ஐஸ் மாதிரி இருக்கு, அவ்ளோதான்!" என்று அறிவித்தார். கை ஐஸ் மாதிரி இருக்கிறது என்ற செய்திதான் வரிசை முழுவதும் பரவியது.

மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. நாளையும் நான் ஏற வேண்டும், கேரளாச் சேலை மாதிரி ஒரு வெள்ளைச் சேலை வாங்கித் தருகிறேன் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று பஸ் ஏறினேன்.

வீட்டுக்குப் போனால் அம்மா வாசலிலேயே நின்றாள். ஓசூர் ரோட்டுப் பேய் எனக்கு முன்பே நீலசந்திரா வந்து சேர்ந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் மச்சான் நேரில் பார்த்தானாம்.

"ரயிலு வண்டில ஒருத்தி ஒக்காந்துக்கிட்டு எறங்கமாட்டேங்கறாளாமே. நாளையிலருந்து நீ அந்த வேலைக்குப் போக வேணாம்."

"அது நான்தாம்மா."

அம்மா என் கலைந்த தலையைப் பார்த்தாள்.

"தலையப் பின்னிக்கிட்டுப் போயிருக்கக்கூடாதா?" என்றாள்.

மறுநாள் காலை சீக்கிரமே போனேன். ஆபரேட்டர் ஒரு சுத்தியலை வைத்துக்கொண்டு தண்டவாளத்தின் ஒவ்வொரு போல்ட்டாகத் தட்டிக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். நானும் பின்னாலேயே நடந்தேன். முழுச் சுற்றும் முடிந்த பிறகு சொன்னேன்.

"நான் எழுதினது தப்பு சார்."

"அது இருக்கட்டும். தப்புன்னு எங்கிட்ட சொல்லி என்ன? படிச்சவங்க நூறு பேரு. பேப்பர்ல மாத்துங்க."

மாற்றினேன். சேலை கட்டமாட்டேன், அதற்குப் பதிலாகப் புதிய பிரசுரம் எழுதித் தருகிறேன் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் இங்கிலீஷ் பக்கத்தைத் தொடவில்லை, அதில் அந்தப் பெண் கடைசி சீட்டிலேயே இருந்தாள். தமிழிலும் கன்னடத்திலும் நான் எழுதியது இது: இந்த வண்டியில் இன்றுவரை ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. ஓட்டுகிறவர் தினமும் காலையில் ஒவ்வொரு போல்ட்டையும் தட்டிப் பார்க்கிறார். இறக்கத்தில் வயிறு கூசும். பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், சிரிப்பு வரும்.

மேனேஜர் இரண்டு பக்கங்களையும் தலைகீழாகத் திருப்பிப் பார்த்து, எழுத்து பயங்கரமாக இருக்கிறது, அச்சுக்கு அனுப்பு என்றார்.

அந்த வாரம் முழுவதும் குடும்பம் குடும்பமாக வந்தார்கள், கடைசிப் பெட்டியில் இடம் கேட்டுச் சண்டை போட்டார்கள். ஆபரேட்டர் அந்தப் பிரசுரத்தின் கன்னடப் பக்கத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, பேயை விற்க இங்கிலீஷைவிட உங்கள் மொழிகள்தான் சரி என்று கைகுலுக்கினார். நான் மறுக்கவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் ஆபரேட்டரும் கேன்டீன் ஆட்களும் அலங்காரத்தையெல்லாம் கழற்றினார்கள். மறுநாள் கர்நாடகம் பிறந்த நாளான ராஜ்யோத்சவம், கொடி ஏற்ற வேண்டும், எலும்புக்கூட்டுக்குப் பக்கத்தில் மாநிலப் பாட்டான நாட கீதம் பாட முடியாது என்று ஆபரேட்டர் சொல்லிவிட்டார். அழுகிய பூசணிகளைக் கூடைகூடையாக அள்ளியதில் எனக்கு மூன்று நாள் கையில் அந்த நாற்றம் போகவில்லை. எலும்புக்கூடுகளுக்குச் சிவப்புக் குல்லாய் போட்டுக் கிறிஸ்துமஸுக்கு வைக்கலாமா என்று மேனேஜர் கேட்டார். ஆபரேட்டர் அடுத்த கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

அடுத்த கோடையில் அவர் துபாய்க்குப் போனார். போகும்போது எனக்கு இங்கிலீஷில் ஒரு சர்டிபிகேட் எழுதிக் கொடுத்தார். டெலிபோன், பிரசுரம் என்றெல்லாம் எழுதி, கடைசி வரியில் 'கதாபாத்திரமாக நடித்த அனுபவமும் உண்டு' என்று சேர்த்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு தொம்மலூரில் ஒரு கால் சென்டருக்கு இன்டர்வியூ போனேன். என்ன கதாபாத்திரம் என்று அங்கிருந்த அம்மாள் கேட்டார். பேய் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "முழுசா சொல்லுங்க" என்றார். சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள்.