லாரிக்கு விக்கல்

லிஃப்ட்காரர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "அடக் கொடுமையே! மறுபடியும் விக்குதே!" என்று ஆளில்லாத வீட்டில் கத்தினார்.

கம்ப்யூட்டர் விளையாட்டில் அவர் லாரி ஓட்டும்போது எல்லாம் வழுக்கிக்கொண்டுதான் போனது. மலைப்பாதை, மழை, கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர், ஒரு குறையும் இல்லை. ஓட்டியதைப் பதிவுசெய்து போட்டுப் பார்த்தால்தான் வினை. லாரி கொஞ்சம் போகும், நிற்கும், கண் சிமிட்டுவதற்குள் வளைவுக்கு அந்தப் பக்கம் போய் முளைக்கும். சத்தம் மட்டும் சீராக வரும். அவருடைய சேனலைப் பார்ப்பதே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். அதில் ஒரு புண்ணியவான், "அண்ணே, லாரிக்கு விக்கலா?" என்று எழுதிவிட்டார். நம் ஆளுக்கு மானம் போயிற்று.

இவரைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஐம்பதை நெருங்குகிற மனிதர். இளவயதிலிருந்து லிஃப்ட் ரிப்பேர்தான் தொழில். வீட்டில் கேட்டால் "ம்" என்பார், கேட்காவிட்டால் அதுவும் கிடையாது. பல் டாக்டரிடம் ரிசப்ஷனில் வேலை பார்க்கும் மனைவி, "வாயைத் திறக்க மாட்டேங்கிறவங்களைத் தினம் கிளினிக்ல பார்க்குறேன், வீட்டுலயும் ஒண்ணு" என்று சொல்லிச் சிரிப்பாள்.

அப்பேர்ப்பட்டவர் லாரியில் ஏறிவிட்டால் வாய் ஓயாது! ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி கிளினிக்குக் கிளம்பியதும் மைக் வைத்த ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வார். கியரை மாற்றிக்கொண்டே பேசுவார், பேசுவார், மனதில் இருப்பதையெல்லாம் கொட்டுவார். பிறகு தன் குரலை மட்டும் நீக்கிவிட்டு, எஞ்சின் சத்தத்தோடு வீடியோவைச் சேனலில் போடுவார். பேசியதை யாரும் கேட்கப்போவதில்லை. அந்தத் தைரியத்தில்தான் அதையும் பேசினார்.

அது என்னவென்றால், பயம். சில மாதங்களுக்கு முன்னால் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று வேலை பார்த்தபோது கால் வழுக்கிவிட்டது. இடுப்பில் கட்டிய பெல்ட் பிடித்துக்கொண்டது, ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து கூரைமேல் காலை வைத்தால் முழங்கால் கிடுகிடுவென்று ஆடுகிறது. கூட வேலை பார்க்கும் ஒல்லிப் பையன் நல்லவன், "நீங்க கீழயே இருங்கண்ணே" என்று மேல்வேலையெல்லாம் தானே பார்த்துக்கொண்டான். இப்போது ஒல்லிக்கு வேறு ஊருக்கு மாற்றல். நாளை காலை ஊரிலேயே உயரமான கட்டடத்தில் லிஃப்ட்காரர் தனியாக மேலே ஏற வேண்டும். முடியாது என்று மேனேஜரிடம் சொன்னால் ஏன் என்று கேட்பார். விஷயம் வீடுவரை வரும். வீட்டில் அவர் மூச்சு விடவில்லை.

மனைவியும் கொஞ்ச நாளாக ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள். சாப்பிட உட்காரும்போதெல்லாம், "என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்பாள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "உப்பு சரியாத்தான் இருக்கு" என்பார்.

நாளை நினைப்பு வரக்கூடாது என்பதற்காகவே இன்று விக்கலோடு மல்லுக்கு நின்றார். விளையாட்டு நொடிக்கு அறுபது படத்துக்கு மேல் காட்டாதபடி கட்டிப்போட்டார். பதிவு வேலையை பிராசஸரிடமிருந்து பிடுங்கி கிராஃபிக்ஸ் கார்டிடம் கொடுத்தார். படத்தின் அளவைக் குறைத்தார். திறந்து கிடந்ததையெல்லாம் மூடினார். விக்கல் குறைந்தது, நிற்கவில்லை. கடைசியில் மச்சானுக்குப் போன் போட்டார். மனைவியின் தம்பி, கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன்.

"புது கார்டு வாங்கிடுங்க மாமா."

"உன் கடையிலதானே? வேலையைப் பாரு மாப்ள. ஒழுங்கா ஒரு வழி சொல்லு."

மச்சான் சிரித்தான். "சரி, கோவப்படாதீங்க. எப்பலேர்ந்து இப்படி இருக்கு? கடைசியா எதை மாத்துனீங்க?"

லிஃப்ட்காரருக்குச் சுருக்கென்றது. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் கருவிப் பெட்டியைத் திறக்கும் முன் வாட்ச்மேனிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி அது. ஊரையெல்லாம் கேட்டவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை!

"இடம் பத்தலைன்னு வந்துச்சு மாப்ள. அதனால வீடியோவெல்லாம் பெரிய டிஸ்க்ல போய் விழற மாதிரி மாத்தினேன். அதுல 'வீடு'ன்னு ஒரு ஃபோல்டர் ஏற்கெனவே இருந்துச்சு, அதுக்குள்ள."

"ஐயோ, 'வீடு'க்குள்ளயா?" என்று மச்சான் இழுத்தான்.

"ஏன் மாப்ள?"

"மாமா, அது அக்காவுக்காக நான் போட்டுக் கொடுத்தது. அதுல எதைப் போட்டாலும் நெட் வழியா அக்கா போனுக்கும் போயிடும், அக்கா போட்டா இங்கயும் வந்துடும். ஃபோட்டோ பார்க்கணும்னு கேட்டா. நீங்க ரெக்கார்டு பண்றப்ப பழைய வீடியோவை அது நெட்டுக்கு ஏத்திக்கிட்டு இருக்கும், டிஸ்க் ரெண்டு பக்கமும் இழுபடும். விக்காம என்ன செய்யும்? ஃபோல்டரை மாத்துங்க, சரியாயிடும்."

லிஃப்ட்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. விக்கலாவது மண்ணாவது! "போனுக்குன்னா... பேச்சுமா?"

"எல்லாந்தான். ஏன், பாட்டு ஏதும் பாடினீங்களா?"

போனை வைத்துவிட்டார். முழங்கால் ஆடுவதைப் பற்றிச் சொன்னது, ஒல்லியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது, கழிவறையில் போய் அழுதது, நாளை ஏற வேண்டிய கட்டடத்தைப் பற்றிப் புலம்பியது, அத்தனையும் அவள் போனில்! ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டோம் என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்த ஃபோல்டரைத் திறந்தார். இதுவரை அதைத் திறந்து பார்த்ததே இல்லை, வீடியோ வெட்டும் புரோகிராம்தான் தானே எடுத்துக்கொள்ளும். வரிசையாக அவருடைய லாரிகள். நடுவில் அவர் வைக்காத ஒன்று, குரல் மட்டும் பதிவான சின்ன ஃபைல். போன வாரத் தேதி. தட்டினார்.

மனைவியின் குரல்! கிளினிக் மாடிப்படியில் நின்று பேசியிருக்க வேண்டும், யாரோ ஏறும் செருப்புச் சத்தம் கேட்டது.

"என்னங்க, எல்லாத்தையும் கேட்டேன். நேர்ல சொல்ல வரலைன்னுதானே இதுல எனக்குப் பேசி வைக்கிறீங்க? எத்தனை வருஷம் கழிச்சு என்கிட்ட இவ்வளவு பேசியிருக்கீங்க! அந்தக் கட்டடத்துக்கு நீங்க ஏற வேண்டாம். கீழ நின்னு பார்க்கிற வேலை கேளுங்க, என்ன வந்தாலும் பார்த்துக்கலாம். நானும் நேர்ல துருவிக் கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். பதிலை இதுலயே போடுங்க. காத்துக்கிட்டிருக்கேன்."

லிஃப்ட்காரர் பேயறைந்தவர்போல் உட்கார்ந்திருந்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டதுகூடப் பெரிதில்லை. தனக்குத்தான் சொல்கிறார் என்றல்லவா நம்பிவிட்டாள்! தினமும் சாப்பாட்டு மேஜையில் பதிலுக்கு ஏங்கிக் கேட்டவளிடம் உப்பைப் பற்றிப் பேசியிருக்கிறார். தன்னை ஓங்கி அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது.

வாசலில் சாவி திரும்பியது. மனைவி பையைத் தோளிலிருந்து இறக்காமலே உள்ளே வந்தாள். திரையில் திறந்திருந்த ஃபைலைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இப்பத்தான் பார்க்குறீங்களா?"

"ம்."

"அப்ப..." அவள் முகம் செத்துவிட்டது. "அதெல்லாம் எனக்குச் சொன்னது இல்லையா?"

ஆமாம் உனக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. அப்படிச் சொல்லி அவளை ஏமாற்ற அவருக்கு மனம் வரவில்லை.

"இல்ல. யாருக்கும் சொல்லல. லாரிகிட்ட சொன்னேன். தப்பான இடத்துல விழுந்து உனக்கு வந்துருச்சு. உனக்குச் சொல்லணும்னு தோணவே இல்ல பாரு, அதான் வெட்கமா இருக்கு."

அவர் போனை எடுத்தார், அவள் எதிரிலேயே மேனேஜருக்கு அடித்தார். "சார், நாளைக்கு என்னால மேல ஏற முடியாது. பயமா இருக்கு சார். காலையில ஆபீசுக்கு வந்து எல்லாத்தையும் சொல்றேன்" என்றார். முழங்கால் அப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தது.

போனை வைத்ததும் மனைவி பையை இறக்கினாள். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். கம்ப்யூட்டர் திரையை எட்டி அணைத்தாள்.

"நான் எதையும் கேட்கலைன்னு வச்சுக்குங்க," என்றாள். "முதல்லேர்ந்து சொல்லுங்க."