ஏபிஎஸ் விளக்கு எரிஞ்ச பத்து நாள்

எங்க தெருவுல காருக்கு வைத்தியர் பஞ்சமே கிடையாது. குன்றத்தூர்ல எங்க சந்துல முக்கால்வாசி வீட்டுல யாராவது ஒருத்தர் ஒரகடம் பக்கம் கார் கம்பெனியில இருக்காங்க. ஒருத்தர் கதவு மாட்டுறார். ஒருத்தர் பெயிண்ட் அடிக்கிறார். இன்னொருத்தர் பதினோரு வருஷமா சீட்டுக்குக் கீழ நாலு போல்ட்டு முடுக்குறார். முழுக் காரைப் பத்தி யாருக்கும் ஒண்ணும் தெரியாது, ஆனா அதை ஒத்துக்கிற ஆளைத்தான் நான் இன்னும் பாக்கல.

பிரசவ லீவு முடிய பன்னெண்டு நாள் இருக்கும்போது எங்க பழைய காரோட டேஷ்போர்டுல ஏபிஎஸ்னு மஞ்ச விளக்கு எரிஞ்சுது. சாதாரண பிரேக் பிடிக்கும். மழை ரோட்டுல அழுத்தி மிதிச்சா சக்கரம் பூட்டிக்கிட்டு வழுக்காம பாத்துக்குமே, அந்த சமாச்சாரம் மட்டும் தூங்கிடுச்சுன்னு அர்த்தம். ஐப்பசி மழை, முன்னாடி ஒரு கன்டெய்னர் லாரி, பின்னாடி ஒரு கன்டெய்னர் லாரி. தூங்குறதுக்கு நல்ல நேரம் பாத்துது!

எனக்கு அந்தக் கார் வேணும். காருக்கு வயரிங் செய்ற கம்பெனியில நான் இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கேன். ஷிஃப்ட்டு ஏழரைக்கு. கம்பெனி பஸ்ஸோ அஞ்சேகாலுக்கே வந்து, மணிமங்கலம் சுத்தி ஒவ்வொரு ஊரா நலம் விசாரிச்சுட்டுப் போகும். கார்ல போனா பாப்பாவுக்குப் பால் குடுத்துட்டு ஆறே முக்காலுக்குக் கிளம்பலாம். திங்கக்கிழமை வந்து சேரலன்னா வேலை இல்லன்னு ஹெச்.ஆர். அம்மா தேன் தடவின குரல்ல சொல்லிட்டாங்க.

என் லீவு முழுக்கக் காரை ஓட்டிக்கிட்டிருந்தது என் வீட்டுக்காரர்தான். அவர் வேற கம்பெனி, இரும்பு கடையுற மெஷின் ஷாப். வண்டியைப் படப்பை மெக்கானிக்கிட்ட எடுத்துட்டுப் போனவர் எழவு வீட்டுக்குப் போன மூஞ்சியோட திரும்பி வந்தார். "மாட்யூலாம், ஏபிஎஸ்ஸோட மூளை, அது போச்சாம். பார்ட் வர ரெண்டு மாசம் ஆவுமாம்."

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் தெரு கமிட்டி கூடுச்சு. கதவுக்காரர் பானெட்டைத் திறந்து பாத்துட்டு, "மாட்யூல்தான், சந்தேகமே இல்ல"ன்னார். பெயிண்ட்காரர் அதை வழிமொழிஞ்சார். சீட்டுக்காரர் சீட்டுல உக்காந்து பாத்துட்டு, சீட்டு நல்லாத்தான் இருக்குன்னு சான்றிதழ் குடுத்தார். நான் போட்ட டீ எல்லாம் தீந்துபோச்சு.

பாப்பாவைப் பாத்துக்கிறேன்னு வாக்குக் குடுத்த நாத்தனாருக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, ஆண்டவரே லைட்டு போட்டுக் காட்டுறாரு. ஆறு மாசப் புள்ளைய வுட்டுட்டு இன்னா வேலை வேண்டிக்கிடக்கு?"

ஆண்டவருக்கு வேற வேலையே இல்ல பாருங்க. என் வீட்டுக்காரரோ அதுக்கு மேல. கார் பாவம்னு கம்பெனி பஸ்ல போக ஆரம்பிச்சார், வந்ததும் என் காலைப் பிடிச்சு அமுக்கிவிட்டார். "வுடும்மா, வேலை எங்க போயிடப்போவுது?" அவ்வளவு கரிசனம்! வெள்ளிக்கிழமை ராஜினாமாக் கடிதம் எழுதி மடிச்சு வெச்சேன், மூணே வரி. எழுதும்போது அழுகை வந்துது. எட்டு வருஷம் நின்னே வேலை பாத்திருக்கேன், அழ மாட்டேனா?

அப்புறம்தான் உறைச்சுது. எங்க லைன்ல வயர் முனையில மாட்டுற கனெக்டரை அழுத்தணும், க்ளிக்குனு சத்தம் கேக்கணும், அப்புறம் இழுத்துப் பாக்கணும். சத்தத்தை மட்டும் நம்பி ஓகே சீல் குத்தினா சூப்பர்வைசர் தோலை உரிச்சுடுவார். மாட்யூல்னு சத்தம் கேட்டேன், சரி. இழுத்துப் பாத்தேனா?

சனிக்கிழமை இவர் ஷிஃப்ட்டுக்குப் போனதும் பாப்பாவை நாத்தனார்கிட்ட விட்டுட்டு, மெதுவா ஓட்டிக்கிட்டுப் படப்பைக்குப் போனேன்.

"இன்னாக்கா, அண்ணன் வர்ல?"ன்னு கேட்டுக்கிட்டே மெக்கானிக் ஸ்கேனரைச் சொருகினார். முன்பக்க வலது சக்கரம்னு காட்டுச்சு. ஜாக்கி வெச்சு சக்கரத்தைக் கழட்டி, ஒரே ஒரு போல்ட்டை எடுத்து சக்கரம் சுத்துற வேகத்தைப் பாக்குற விரல் நீளச் சென்சாரை வெளிய இழுத்தார். முனை முழுக்கக் கறுப்பா மீசை முளைச்சிருந்துது.

"இரும்புத்தூளுக்கா. உள்ள காந்தம் கீது, இஸ்துக்கும். அண்ணன் வண்டிய எங்க நிறுத்துறாரு?"

எங்கயா? மெஷின் ஷாப்புல இரும்புச் சீவலைக் கொட்டுற கொட்டகை ஓரம். அந்த நிழலுக்காக செக்யூரிட்டியோட சண்டை போட்டு ஜெயிச்ச மகராசன் அவர்.

மெக்கானிக் துணியால தொடச்சு மாட்டி, ஸ்கேனர்ல பழைய கோளாறை அழிச்சார். மணிமங்கலம் ரோட்டுல கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்தோம். விளக்கு அணைஞ்சுது, திரும்ப எரியவே இல்ல.

"மாட்யூல்னு சொன்னீங்களாமே?"ன்னேன்.

"நானா? சென்சார தொடச்சா போதும், அரை மணி வேலை, வண்டிய வுட்டுட்டுப் போங்கன்னு அன்னிக்கே சொன்னேனேக்கா. அண்ணன்தான் அவசரமில்ல, அப்பால பாக்கலாம்னாரு."

பத்து நாளா என் காதுல பூ சுத்தியிருக்கார் மனுஷன். காலை வேற அமுக்கிவிட்டுக்கிட்டு!

சாயந்தரம் அவர் செருப்பைக்கூடக் கழட்டல. "சென்சாரைத் தொடச்சாச்சு"ன்னேன். மூஞ்சி வெளுத்துப்போச்சு. வாசப்படியிலயே உக்காந்துட்டார்.

"எங்க லைன்ல ஒருத்தர் போன மாசம் ஒரகடம் ரோட்டுல லாரிக்கு அடியில போயிட்டாரு. ஆஸ்பத்திரியில நாந்தான் பொணத்தை அடையாளம் காட்டினேன். உங்கிட்ட சொல்லல. பயமா இருக்கும்மா."

அதுக்காக என் கோவம் ஒரு பொட்டும் குறையல. "பயமா இருந்தா பயம்னு சொல்ல வேண்டியதுதானே? நானும் சேந்து பயந்திருப்பேனே. மாட்யூல்னு சொல்லி என் வேலையைக் கெடுக்கப் பாத்தீங்களே!"

ஞாயித்துக்கிழமை முழுக்க நான் அவரோட பேசல.

திங்கக்கிழமை தூறிக்கிட்டு இருந்துது. பாப்பாவை இடுப்புல வெச்சுக்கிட்டு அவரே கேட்டைத் திறந்துவிட்டார். "போய்ச் சேந்ததும் போன் பண்ணு"ன்னார். பண்ணல. வேணும்னேதான் பண்ணல.

சாப்பாட்டு நேரத்துல லாக்கரைத் திறந்தா போன்ல பதினோரு மிஸ்டு கால், எல்லாம் அவர்தான். பாத்துக்கிட்டு நிக்கும்போதே பன்னெண்டாவது அடிச்சுது, எடுத்தேன். அந்தப் பக்கம் பேச்சே இல்ல, மூக்கை உறிஞ்சுற சத்தம் மட்டும்.

"இருக்கேன், வைங்க"ன்னேன்.