மூன்று பத்துக்கு வந்த பதிப்பு

கொல்லயிலைச் சேர்ந்த ஜோஸ்னா பாறசாலையில் ரயிலேறித் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவள். ஓர் ஆஸ்பத்திரியின் டோக்கன் வரிசையை நடத்தும் ஜாவாஸ்கிரிப்ட் சர்வர் புரோகிராம் அவள் பொறுப்பு. அதன் புதிய பதிப்பைக் கிளவுடில் ஏற்ற முன்பெல்லாம் பத்தொன்பது படிகள். ஒன்று தவறினாலும் டோக்கன் பலகை இருண்டுவிடும். அவளும் உடன் வேலை செய்த குளத்தூர் ரெஜியும் இரண்டு மாதம் உட்கார்ந்து அத்தனையையும் ஒரே கட்டளையாகச் சுருக்கினார்கள். ஏற்றுவது யாரென்று ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும் படியை வெட்டியவள் ஜோஸ்னாதான். அதற்குப் பதில் எல்லோர் கணினியிலும் ஒரே சாவிக் கோப்பு.

மார்ச்சில் ரெஜி பைக் விபத்தில் இறந்தான்.

நவம்பரில் ஒரு செவ்வாய், பகல் மூன்று பத்துக்கு, ஒரு பதிப்பு தானாக ஏறியது. நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அனுப்பியவர் பெயர் ரெஜி.

மறுநாளும் அதே நேரம்.

"அவனுக்க அக்கவுண்ட நான்தான் மூடினேன்," என்றான் உடன் வேலை செய்யும் வினீத். பிறகு நாற்காலியைத் திரையிலிருந்து சற்றுத் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

ஐந்தாம் நாள்தான் வெட்டிய படி ஜோஸ்னாவுக்கு நினைவு வந்தது. அக்கவுண்டை மூடினாலும் சாவி இன்னும் ரெஜியின் கணினியில் இருக்கும். மதியமே குளத்தூரில் ரெஜியின் வீட்டுக்குப் போனாள்.

"வா மக்கா, இரி," என்றார் ரெஜியின் அம்மா ஆனந்தபாய். "அவனுக்க லேப்டாப்பு கடையில நன்னாக்கி வந்து ஒரு வாரமாச்சு. நேரமாவுது."

லேப்டாப்பில் கறுப்புத் திரையைத் திறந்து, மேல் அம்புக்குறி விசையை ஒருமுறை அழுத்தினார். ரெஜி கடைசியாக அடித்த கட்டளை வந்து நின்றது. மூன்று பத்தானதும் என்டரைத் தட்டினார்.

"அவன் படிப்பிச்சுத் தந்ததாக்கும். அவன் போன நேரமும் இதாக்கும்."

எழுத்துகள் ஓடி நின்றன. முடிவில், பதிப்பு கிளவுடில் ஏறியதும் அனுப்பியவருக்குக் காட்ட ஜோஸ்னா எப்போதோ விளையாட்டாக எழுதிவைத்த வரி: 'ரெஜி, மேலே போய்ச் சேர்ந்தாச்சு.'

"பாத்தியா," என்றார் ஆனந்தபாய். "டெய்லி சொல்லுது."

அதை எழுதியவள் தான் என்று சொல்ல ஜோஸ்னாவுக்கு வாய் வரவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரியின் சாவியை மாற்றினாள். கடவுச்சொல் கேட்கும் படியைத் திரும்பச் சேர்த்தாள். பழைய சாவிக்கு மட்டும் தனியாக ஒரு வெற்று சர்வரைத் திறந்துவைத்தாள். அங்கே எது ஏறினாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

ஜனவரியில் ஒரு நாள் மூன்றரை ஆகியும் எதுவும் வரவில்லை. போன் போட்டாள்.

"கரண்டு இல்ல மக்கா. பேட்டரியும் நிக்காது," என்றார் ஆனந்தபாய். "நீ அங்க இருந்து பாத்துட்டா இருக்க?"

"ஆமா மாமி."



"அப்ப அவன் வாறது உனக்கும் தெரியும்."

ஜோஸ்னா மறுக்கவில்லை. நாலே காலுக்கு ரெஜியின் பெயர் ஏறியது. அதன் பிறகுதான் அவள் ரயிலுக்குக் கிளம்பினாள்.