வெந்நீர் பட்ட மணிகள்

பொதட்டூர்பேட்டைத் தணிகாசலம் சுத்தத்தில் கொஞ்சம் பைத்தியம். காக்களூர் தொழிற்பேட்டையில் தௌஹீத் பாயின் ஷெட்டில், ஓட்டல்களில் பொரித்துக் கழித்த எண்ணெயை டீசலாக்கும் வேலைக்கு அவர் சேர்ந்தது இரண்டாயிரத்து ஏழில். அதற்குமுன் மில் மூடியதில் வெகுநாள் சும்மா உட்கார்ந்து, மனைவி சுலோச்சனாவின் முகத்தைப் பார்க்கவே கூசியவர். இந்த வேலையாவது நிலைக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

ஷெட்டின் நடுவே ஆளுயர எஃகுக் கலன். உள்ளே நொதி ஒட்டிய வெள்ளை மணிகள். எண்ணெயையும் கொஞ்சம் கொஞ்சமாக மெத்தனாலையும் விட்டால், நொதி அதை டீசலாக்கி, கிளிசரினைப் பிரித்து அடியில் தள்ளும்.

"ரொம்ப சூடு ஆவக்கூடாதுண்ணே. மணி செத்தா ஷெட்டையே மூடிக்கினு போவணும்" என்று பாய் சொல்லியிருந்தார். ஓடும்போதுதான் சூடு ஆகாது என்று தணிகாசலம் தானாக நினைத்துக்கொண்டார்.

ஆயுத பூஜை வந்தது. இயந்திரமெல்லாம் குளித்தாக வேண்டுமே! பம்பு, வால்வு, டிரம் எல்லாம் தேய்த்தார். பிசுக்கேறிய கலனை மட்டும் விடுவாரா? கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி மணிகளையும் அலசி, சந்தனம் குங்குமம் வைத்தார்.

விஜயதசமியன்று கலனை ஓட்டினார். விட்ட எண்ணெய் எண்ணெயாகவே வெளியே வந்தது. வெந்நீரில் மணிகள் செத்துவிட்டன என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆளில்லாத ஷெட்டில் கலனைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"நீ ஒண்ணியும் செய்ய வாணாம். உன் வேலைய நான் செய்றேன். என் பொழப்புல மண்ண போட்றாத."

ஜில்லென்றிருந்த எஃகு மெல்லச் சூடேறியது. அவர் ஹீட்டரைப் போடவே இல்லை. கண்ணாடிக் குழாயில் கிளிசரின் கருப்பாய்ப் பிரிந்து இறங்கியது. சந்தோஷப்பட வேண்டியவர் பயந்து கலனைவிட்டு விலகி நின்றார்.

அன்றுமுதல் கலன் நிற்கவில்லை, ஆனால் அவர் லீவு போட்ட நாளில் மட்டும் வெறும் எண்ணெய் வந்தது. அவரோ துரும்பாய் இளைத்தார். தோசை, வடை எது தின்றாலும் தங்கவில்லை.

"இன்னாய்யா இது, துன்ன எண்ணெ அப்படியே போவுது?" என்று பதறிய சுலோச்சனா, அவரைத் திருவள்ளூருக்கு டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"எண்ணெயக் கரைக்க உடம்புல ஒரு நொதி சுரக்கணும்" என்றார் டாக்டர். "உங்களுக்கு அது சுத்தமா இல்ல. எங்க போச்சுன்னே தெரியல."

தணிகாசலத்துக்குத் தெரிந்தது.

"அந்த வேலைய உட்டுத் தொலைய்யா. கூழக் குச்சிக்கினு கெடப்போம்" என்று வழியெல்லாம் அழுதாள் அவள்.

விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் மறுநாள் போனார். லாரியிலிருந்து புதுக் கலன் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது, பழையதைப்போல் இரண்டு மடங்கு. பாய் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"பெரிய ஆர்டர நம்பி இத வாங்கிட்டேண்ணே. இப்ப மணி விக்கிறவன் வெலைய ஏத்திட்டான். மணி இல்லன்னா ஷெட்ட மூட வேண்டியதுதான்."

தணிகாசலம் கலனை அண்ணாந்து பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"மணி வாணாம் பாய்" என்றார்.